திமிங்கலம் மார்க் அப்பளம்

மேலத்தாழையூரில் அப்பளம் போட்டுப் பிழைத்த மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மூத்தவர் ஏகாம்பரம். அவர் தம்பி வைரக்கண்ணு. தங்கை புருஷன் புண்ணியகோடி. மூன்று தலையையும் சேர்த்தாலும் ஒரு மூளைக்குக் கொஞ்சம் குறையும். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அப்பளத்தை எண்ணெயில் போட்டால் பூரித்து எழும்.

கட்டின்மேல் 'நல்ல அப்பளம்' என்று அச்சடித்து விற்றார்கள். பக்கத்துத் தெரு புகழேந்தியும் 'நல்ல அப்பளம்' என்றே அச்சடித்தான். அவனுடையது பொரியாது, கருகும். ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் கருகல் இலைக்கு வந்து, பழி ஏகாம்பரத்தின் தலையில் விழுந்தது.

ஊர்க் கல்யாணம் அத்தனைக்கும் சமையல் பட்டாபிதான். "ஓய் ஏகாம்பரம், உம்ம கட்டு எது, அந்தப் பயல் கட்டு எதுன்னு எனக்குத் தெரியணும். அதுவரைக்கும் ரெண்டு பேர் அப்பளமும் வேண்டாம். வடகம் பொரிச்சுக்கறேன்" என்றுவிட்டார். கல்யாண ஆர்டர் போனால் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும்.

'நல்ல அப்பளம்' என்ற பேரைத் தங்களுக்கு மட்டும் பதிந்து தரச் சொல்லி வக்கீல் மீனலோசனியிடம் ஓடினார்கள்.

"நல்ல அப்பளம்னு யார் வேணா சொல்லலாமே! அதைப் பதிய மாட்டாங்க. அப்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாத பேரா யோசிங்க. கேட்டா உங்க ஞாபகம் மட்டும்தான் வரணும்" என்றார் அவர்.

சாயங்காலம் சபை கூடியது.

"ரயில்?" என்றான் வைரக்கண்ணு.

"ரயில்ல அப்பளம் கொண்டு போகலாம். சம்பந்தம் வந்துடுச்சே" என்றான் புண்ணியகோடி.

"நிலா?"

"அதுவும் வட்டம்."

"யானை?"

"மிதிச்சா நொறுங்கும்."

"தலையணை?"

புண்ணியகோடி சரியென்று தலையாட்டிவிட்டான். ஆனால் ஏகாம்பரம் எதையும் சோதிக்காமல் நம்புகிற ஆள் இல்லை. இருநூறு அப்பளத்தை அடுக்கி, மேலே தலையணையை வைத்து, அதன்மேல் தலையையும் வைத்து ஒரு தூக்கம் போட்டார். எழுந்து பார்த்தால் எல்லாம் தூள்.

"சம்பந்தம் இருக்குடா" என்றார் வருத்தமாக.

கடைசியில் திமிங்கலம் என்று முடிவானது. அது அப்பளம் தின்று யாரும் பார்த்ததில்லை.

"பிரமாதம்!" என்றார் வக்கீலம்மா. பிறந்ததிலிருந்து மூவரையும் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. பதிவுச் சான்றிதழ் வர ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை ஊர் வடகம் தின்றே கல்யாணம் செய்தது.

சான்றிதழைக் கையில் கொடுத்து வக்கீலம்மா சொன்னார்: "இனிமே உங்க அனுமதி இல்லாம வேற யாரும் இந்தப் பேரைப் பயன்படுத்தக் கூடாது. விடாதீங்க!"

விடவில்லை. மளிகைக் கடையில் ஓர் அம்மாள், "திமிங்கல அப்பளம் ஒரு கட்டு குடுப்பா" என்றாள். வைரக்கண்ணு குறுக்கே பாய்ந்து, "அனுமதி வாங்கினீங்களாம்மா?" என்றான். அவள் மிரண்டுபோய்ப் புளி மட்டும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள். புண்ணியகோடி பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டான். கரும்பலகையில் 'திமிங்கலம் ஒரு பாலூட்டி' என்று இருந்தது. சான்றிதழைக் காட்டியதும் வாத்தியார் அதை அழித்து, 'கடலில் இருக்கும் ஒன்று பாலூட்டி' என்று எழுதினார், பாவம்.

ஏகாம்பரத்துக்கு வேறு கவலை. "டேய், கட்டு மேல பேரைப் போட்டு விக்கிறோமே, வாங்கறவன் பேரையும் சேர்த்துல்ல வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறான்?"

மறுநாளே அச்சடித்த தாள் அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் வெள்ளைத்தாளில் அப்பளத்தைக் கட்டினார்கள்.

பட்டாபி வந்து கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேர் எங்கே ஓய்?"

"பீரோவுல பத்திரமா இருக்கு சாமி."

பட்டாபி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, பேரே இல்லாத கட்டு ஊர்லயே இது ஒண்ணுதான். இனி குழப்பம் வராது" என்று ஆவணி முகூர்த்தம் அத்தனைக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார். ஏகாம்பரம் சந்தோஷத்தில் அழுதேவிட்டார்.

பத்தே நாள். புகழேந்தியும் வெள்ளைத்தாளில் கட்ட ஆரம்பித்தான்.

வக்கீலம்மாவின் மேஜை முன்னால் மூவரும் மூச்சிரைக்க நின்றார்கள். "அம்மா, நாங்க எழுதாததை அப்படியே காப்பியடிச்சுட்டான்! ஒரு எழுத்துகூட மாறல. ஆவணி ஆர்டர் போயிடும்மா. அந்த வெள்ளையை எங்க பேர்ல பதிஞ்சு குடுங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மனு எழுத இழுப்பறையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

ஏகாம்பரம் அந்தத் தாளையே பார்த்தார். முன்பக்கம் வெள்ளை. புரட்டினார், பின்பக்கமும் வெள்ளை.

"அனுமதி வாங்கினீங்களாம்மா?"