பவளத்தின் மூக்கு எந்தப் பக்கம்?

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிற சிரிப்பு. ஆனால் அதை இப்போது கொடுப்பதாக இல்லை. அதற்கு முன்னால் ஒரு தோணி முட்ட வேண்டும், ஒரு பொய் சொல்லப்பட வேண்டும், ஒரு வாழையிலை கிழிய வேண்டும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

அந்தக் காலத்தில் மீனும் பறவையும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. ஆறு கடலோடு சேருகிற கழிமுகத்தில் தோணி ஓட்டியவர்கள் நீர்நாய்களும் கூழைக்கடாக்களும்தான். அப்போது கிளிகளுக்கு உடம்பில் வெளிச்சம் இருந்தது. பொழுது சாய்ந்தால் மூக்கு தணல் மாதிரி சிவக்கும். சிறகும் வாலும் பச்சையாக ஒளிரும். அதனால் ஒவ்வொரு தோணியின் முன்முனையிலும் ஒரு கிளி குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். மூக்கு இடப்பக்கம், வால் வலப்பக்கம். பின்முனையில் ஒரு வெள்ளைக் கொக்கு.

குறுக்கே வருகிற தோணியில் சிவப்பு தெரிந்தால், அது நம் வலக்கைப் பக்கமிருந்து வருகிறது என்று அர்த்தம். வலது கை சோறு உண்கிற கை. அந்தப் பக்கம் வருகிறவருக்குத்தான் முதல் மரியாதை. துடுப்பை நிறுத்தி வழிவிட வேண்டும். பச்சை தெரிந்தால் நாம் போகலாம். வெள்ளை மட்டும் தெரிந்தால் ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம், ஒதுங்கித்தான் முந்த வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

துடுப்பன் என்கிற நீர்நாயின் தோணியில் பவளம் என்று ஒரு கிளி இருந்தாள். அவள் பிறந்த மரப்பொந்து வெள்ளத்தில் போனபோது, குஞ்சாக மிதந்து வந்தவளைத் தூக்கி வளர்த்தது துடுப்பன்தான். அவளுக்குத் தெரிந்த வீடு அந்தத் தோணியின் முன்முனை ஒன்றுதான்.

ஆனால் வாய் இருக்கிறதே! கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிவிடுவாள். கரையில் நண்டு தும்மினால் நண்டு மாதிரித் தும்முவாள். கூழைக்கடா அண்ணாச்சி எந்நேரமும் வாய்ப்பைக்குள் நாலு மீனை அடக்கிக்கொண்டு கொழகொழவென்று பேசுவார். அவர் குரலில் பவளம், “என்ன வே துடுப்பா, ஒதுங்கும் வே! பெரிய தோணி வருதுல்லா!” என்பாள். துடுப்பன் பதறி ஒதுங்கிப் பார்த்தால், தண்ணீரில் ஒரு ஈ இருக்காது.

“ஏட்டி, ஒருநாள் நெசமாவே அண்ணாச்சி வந்து, நான் ஒதுங்காம நிக்கப் போறேன்” என்பான் துடுப்பன்.

“அப்போ அவரு மாதிரியே அழுது காட்டுறேன் மாமா.”

ஒருநாள் அந்திக்கருக்கலில் பவளத்துக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. தூரத்தில், இடக்கைப் பக்கமிருந்து கூழைக்கடா அண்ணாச்சியின் தோணி வந்துகொண்டிருந்தது. அவர் இவர்களுடைய சிவப்பைப் பார்த்து நிற்க வேண்டியவர். ‘நாம திரும்பி உக்காந்தா என்ன? பச்சையைப் பாத்துட்டு மனுசன் ஜம்முனு வருவாரு. கிட்ட வந்ததும் மறுபடியும் திரும்பிருவோம். வாயில இருக்க மீனெல்லாம் வெளிய துள்ளும்!’

நினைப்பே அவளுக்கு இனித்தது. சத்தமில்லாமல் திரும்பி உட்கார்ந்தாள். மூக்கு வலப்பக்கம், வால் இடப்பக்கம்.

துடுப்பனுக்கு அண்ணாச்சியின் பச்சை தெரிந்தது. நமக்குத்தான் வழி என்று வலித்தான். அண்ணாச்சிக்கும் பச்சை தெரிந்தது. தனக்குத்தான் வழி என்று அவரும் வலித்தார். ஆற்றின் இழுப்பு வேறு. பவளம் மறுபடி திரும்புவதற்குள் இரண்டு தோணியும் மடார் என்று முட்டிக்கொண்டன.

நினைத்தபடியே மீன்கள் துள்ளின. ஆனால் பவளம் அதைப் பார்க்கவில்லை. முட்டிய வேகத்தில் உப்புத் தண்ணீருக்குள் விழுந்திருந்தாள். தணலை நனைத்தது போல ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம். பிறகு அந்த இடம் இருட்டு.

துடுப்பன் முங்கித் தேடி அவளைத் தூக்கி வந்தான். மூச்சு இருந்தது. மூக்கில் தணல் இல்லை. சிறகில் ஒளி இல்லை.

“வெளிச்சம் செத்த கிளிக்குத் தோணியில இடங் கெடையாது வே” என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, கொட்டிய மீனைக்கூடப் பொறுக்காமல் போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் பவளம் கண்ணைத் திறந்தாள். வெயிலில் எந்தக் கிளியும் ஒரே மாதிரிதான் தெரியும். யார் குரலும் இல்லாமல் தன் சொந்தக் குரலில் கேட்டாள்: “மாமா, வெளிச்சம் இருக்குல்லா?”

துடுப்பன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“இருக்குட்டி. அது எங்க போவும்?”

சொல்லிவிட்டான். இனி சாயங்காலத்துக்குள் வெளிச்சம் வேண்டுமே!

பவளம் மறுபடி கண்ணயர்ந்ததும் இரண்டு தேங்காய்ச் சிரட்டை எடுத்தான். புன்னை எண்ணெய் ஊற்றித் திரி போட்டான். ஒன்றின் வாயைச் செம்பருத்தி இதழால் மூடினான். இன்னொன்றை வாழைக்கொழுந்தால் மூடப் பார்த்தான். இலை கிழிந்தது. மறுபடியும் மூடினான். பவளம் உட்காருகிற பலகைக்கு அடியில் இரண்டையும் சேர்த்துக் கட்டி ஏற்றிவிட்டு, பின்முனைக் கொக்கைக் கூப்பிட்டான்.

“கொக்கக்கா, பாத்துச் சொல்லு.”

கொக்கு கரையிலிருந்து பார்த்தது. “எலே, நாலாப் பக்கமும் ரெண்டு நெறமும் வழியுதுல்லா! வாறவன் எதைப் பாத்து நிப்பான்? செவப்ப அந்தப் பக்கம் திருப்பு, பச்சைய இந்தப் பக்கம் திருப்பு. சிரட்டை முதுகு நடுவுல மறைக்கட்டும். ஒண்ணோட வெளிச்சம் ஒண்ணு பக்கம் போகப்படாது.”

“எது எந்தப் பக்கம்க்கா?”

“அட கூறுகெட்டவனே, அவ மூக்கு எந்தப் பக்கம்?”

சிவப்பு இடப்பக்கம் போனது. பச்சை வலப்பக்கம் போனது.

அன்று சாயங்காலம் பவளம் வந்து விறைப்பாக உட்கார்ந்தாள். பின்முனையிலிருந்து கொக்கு, “ஏட்டி, அண்ணாச்சி மாதிரி ஒரு தடவ பேசிக் காட்டேன்” என்றது. அவள் தலையைத் திருப்பிக் கொழகொழவென்று பேசிய நேரத்தில் துடுப்பன் பலகைக்கு அடியில் நெருப்பை வைத்தான். பவளம் திரும்பிப் பார்த்தால், மூக்குப் பக்கத் தண்ணீரில் சிவப்பு ஆடுகிறது. வால் பக்கத் தண்ணீரில் பச்சை ஆடுகிறது. அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

குறுக்கே வந்த கூழைக்கடா அண்ணாச்சி சிவப்பைப் பார்த்து நின்றார். பலகைக்கு அடியிலும் பார்த்தார். துடுப்பனைப் பார்த்தார். வாயிலிருந்த மீனை விழுங்கிவிட்டு, “அடடா, பவளம்! இன்னிக்கி என்ன வெளிச்சம் தாயி!” என்றார்.

இப்படியே நாள் போயிற்று. சிரட்டை விளக்கு தூங்குவதில்லை, விளையாட்டுக்குத் திரும்பி உட்காருவதுமில்லை என்று கண்ட மற்றத் தோணிக்காரர்களும் ஆளுக்கு ஒரு ஜோடி கட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய கிளிகள் விட்டால் போதுமென்று தோப்புக்குக் குடிபோயின. வேலையில்லாத வெளிச்சம் மெல்ல மெல்ல அவிந்தும்விட்டது.

“பாத்தியா மாமா! கழிமுகம் முழுக்க இப்போ வேலையில இருக்க கிளி நான் ஒருத்திதான்” என்று பவளம் பீற்றிக்கொண்டாள். “சிரட்டையாம், வெளக்காம்! என் மூக்குக்கு ஒறை போடக் காணுமா?”

துடுப்பன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வலிப்பான்.

பிறகு கொய்யாக்காலம் வந்தது. அக்கரைத் தோப்பில் மூக்குமுட்டத் தின்ற பவளம் அங்கேயே தூங்கிவிட்டாள். இக்கரையில் பொழுது சாய்ந்தது, தண்ணீரும் வற்றத் தொடங்கியது. இன்னும் சற்றுப் பொறுத்தால் மணல்திட்டு தலைதூக்கும், தோணி போகாது. கூடு சரிந்த ஒரு நாரைப் பெண், முட்டை குளிர்வதற்குள் அக்கரை சேர வேண்டுமென்று, கூடை நிறைய முட்டையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“அவ இல்லாமயே விளக்க ஏத்தினா, எங்கிருந்தாவது பாத்துருவாலே” என்றது கொக்கு.

“ஏத்தாமப் போனா?”

கொக்கு கூடையைப் பார்த்தது. துடுப்பனும் கூடையைப் பார்த்தான். ஒரு கிளியின் மனசு ஒரு பக்கம், ஒரு கூடை முட்டை ஒரு பக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு சிரட்டைக்கும் நெருப்பு வைத்தான்.

அக்கரையில் பவளத்துக்கு விழிப்பு வந்தது. இருட்டிவிட்டிருந்தது. ஐயோ, நேரமாயிற்று என்று கிளையில் எழுந்து நின்றாள். ஆற்றில் தோணி வந்துகொண்டிருந்தது. முன்முனையில் அழகாகச் சிவப்பு, அழகாகப் பச்சை.

‘நல்லவேளை’ என்று மூச்சு விட்டாள். ‘நான் வேலைக்குப் போயிட்டேன்.’

மறுபடி சாய்ந்து கண்ணை மூடினாள். மூடியவள் படக்கென்று திறந்தாள்.

‘நான் அங்க வாறேன்னா, இங்க கொய்யா மரத்துல இருக்கது யாரு?’

தன் காலைத் தானே கடித்துப் பார்த்தாள். வலித்தது. வாலைத் திருப்பிப் பார்த்தாள். இருட்டில் அது எது, இலை எது என்றே தெரியவில்லை.

ஆற்றில் கூழைக்கடா அண்ணாச்சியின் தோணி சிவப்பைக் கண்டு நின்றது. பழக்க தோஷத்தில் அவர் வழக்கம்போல ராகம் போட்டார்: “அடடா, பவளம்! இன்னிக்கி என்ன வெளிச்சம் தாயி!”

மரத்தில் இருந்த பவளம் அலகைத் திறந்தாள். மூட மறந்தாள். “இருக்குட்டி. அது எங்க போவும்?” என்று துடுப்பனின் குரல் அவள் வாயிலிருந்து தானாக வந்தது. “அண்ணாச்சி மாதிரி பேசிக் காட்டேன்” என்று கொக்கின் குரல் வந்தது. சிரட்டையாம், வெளக்காம் என்று அவளுடைய குரலே வந்தது. அவ்வளவுதான். ‘கீ...’ என்று ஒரு கூச்சல், பாதி அழுகை, மீதி சிரிப்பு. கிளையிலிருந்து நழுவி, சிறகடிக்கவும் முடியாமல் சிரித்தாள். துணைக்குத் தோப்புக் கிளிகள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

இன்றைக்கும் சின்னத் தோணிகூட இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை என்று ஏற்றிக்கொண்டு கிளம்புகிற அந்தியில், தோப்புகளில் கிளிகள் கூட்டமாகக் கத்துவதைக் கேட்டிருப்பீர்களே, அது பவளத்துக்கு விஷயம் விளங்கிய அன்றைக்குத் தொடங்கிய சத்தம்தான்.