தைத்த உறை

மலைநாட்டு அரசன் ஒருவனிடம் வேட்டைத் தலைவனாக இருந்தவன் வீரணன். தலை நரைத்த பிறகு அவனுக்குக் கொல்வது அலுத்துவிட்டது. அரண்மனையை விட்டு வந்து, காட்டுச் சுனையருகே குடிசை போட்டிருந்த துறவி குழலம்மையிடம் சீடனாகச் சேர்ந்தான். அம்மை அவனைவிட இளையவர்.

வரும்போது ஒரு கத்தியை மட்டும் கொண்டுவந்தான். அரசன் கொடுத்தது. தந்தப் பிடி. அலகில் வெள்ளிக் கம்பியால் இழைத்த பூங்கொடி. உறை கடமான் தோல். அதன்மேல் ஓடும் மானும் துரத்தும் நாய்களும் புடைத்து நின்றன.

இனி உருவுவதில்லை என்று சத்தியம் செய்து, உறையின் வாயைப் பிடியோடு சேர்த்துத் தோல்வாரால் இறுக்கித் தைத்துவிட்டான். ஆனால் இடுப்பிலிருந்து கழற்றவில்லை. சுனைக்கு வருகிறவர்கள் அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்து அவனைக் கும்பிட்டார்கள்.

"அம்மா, கொல்வதைத்தான் விட்டாயிற்றே. இந்தக் களைப்பு ஏன் போகமாட்டேன் என்கிறது?"

"எனக்கும் தெரியவில்லை" என்பார் அம்மை.

ஒருநாள் பிற்பகல், கீழ்க்காட்டில் அரசனின் ஆட்கள் வேட்டையாடினார்கள். வயிற்றில் அம்பு பாய்ந்த பெண்மான் ஒன்று தப்பி ஓடிவந்து சுனைக்கரையில் விழுந்தது.

அம்மை அதன் தலையை மடியில் தாங்கிக்கொண்டார்.

"பிழைக்குமா, வீரணரே?"

"பிழைக்காது."

"எவ்வளவு நேரம் இப்படிக் கிடக்கும்?"

"வயிற்றில் பட்டது, அம்மா. பொழுது சாய்ந்தாலும் கிடக்கும்."

மான் காலை உதைத்துக்கொண்டு அலறியது. வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சத்தியம் செய்திருக்கிறேன், அம்மா."

"தெரியும்."

"கொன்றால் பாவம் இல்லையா?"

"பாவம்தான்."

"பிறகு எப்படி என்னைச் செய்யச் சொல்கிறீர்கள்?"

"சொல்லவில்லை. கத்தியைக் கொடுங்கள், நான் செய்கிறேன். எனக்குப் பழக்கமில்லை. இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியிருக்கும்."

வீரணன் மானைப் பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்து உறையை அவிழ்த்துத் தையலைப் பிய்க்கப் பார்த்தான். நகத்துக்கு அசையவில்லை. அவ்வளவு இறுக்கமாகத் தைத்திருந்தான். பல்லால் கடித்து இழுத்தான். உதடு கிழிந்தது. அத்தனை நேரமும் மான் அலறிக்கொண்டே இருந்தது.

வார் அறுந்ததும் மண்டியிட்டான். இடது கையால் மானின் கண்ணை மூடினான். ஒரே வெட்டு. மான் அடங்கியது.

அவன் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக் கொடியில் வழிந்த இரத்தத்தைத் துடைக்கவும் இல்லை.

"மறுபடியும் வேட்டைக்காரன் ஆகிவிட்டேன், அம்மா."

"வேட்டைக்காரன் என்றால் இந்நேரம் இதைத் தோளில் தூக்கியிருப்பான்" என்றார் அம்மை. "இதற்குக் குழி தோண்ட வேண்டும். மண் கெட்டி. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. எழுந்திருங்கள், இரண்டு பேருமாகத் தோண்டுவோம்."