நரியின் வேகப் பொடி

ஒரு காட்டில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், கபடிப் பைத்தியம் பிடித்த குட்டிகள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி செவந்தி என்ற கீரி. அவள் பாடிப் போனால், யாரைத் தொட்டாள், எப்போது திரும்பினாள் என்றே யாருக்கும் தெரியாது. அவ்வளவு வேகம். ஆனால் அந்த வேகம் அவளுக்குப் போதவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் அக்கரைக் காட்டுப்பன்றிகளிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப்போனார்கள். கடைசியாகப் பாடிப் போய் மாட்டிக்கொண்டவள் செவந்திதான். இந்த வருட ஆட்டத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

ஒருநாள் காலை, பயிற்சி முடிந்து எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, வித்தகன் என்ற நரி தோளில் ஒரு பையோடு வந்தான்.

"என்ன செவந்தி, இவ்வளவுதானா உன் வேகம்? பார்க்கவே பாவமாக இருக்கிறது" என்றான்.

செவந்திக்குச் சுருக்கென்றது. "இதற்கு மேல் எப்படி அண்ணே ஓடுவது?"

"இதைச் சாப்பிட்டால் ஓடலாம்." நரி பையைப் பிரித்தான். உள்ளே செக்கச்செவேலென்று ஒரு பொடி. "வேகப் பொடி. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. நான் பத்து வருடமாக இதை மட்டும்தான் சாப்பிடுகிறேன். காற்றெல்லாம் எனக்குப் பின்னால்தான் வரும்."

செவந்தி ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். தொண்டை சுரீரென்றது. காது மடல் வரை சூடு ஏறியது.

"ஏறுகிறது! வேகம் ஏறுகிறது!" என்று துள்ளினாள். உடனே இரண்டு அணில்களும், இரண்டு குரங்குக் குட்டிகளும், கரடிக் குட்டியும் கையை நீட்டினார்கள்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றான் நரி. "பொடி உள்ளே இருக்கும்போது வேறு சாப்பாடு வயிற்றுக்குள் போகக்கூடாது. கலந்தால் ஆபத்து. உங்கள் பங்குச் சாப்பாட்டைத் தினமும் என் குகை வாசலில் வைத்துவிடுங்கள். நானே குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன். உங்களுக்காக இந்தச் சிரமம்கூடப் படமாட்டேனா?"

எல்லோரும் சரி என்றார்கள், ஒருவனைத் தவிர. அவன் முள்ளன் என்ற முள்ளம்பன்றி, செவந்தியின் உயிர்த்தோழன். அவன் ஓடுவதில் மந்தம். ஆனால் ஒரு காலைப் பிடித்துவிட்டால் இடியே விழுந்தாலும் விடமாட்டான். மனதில் பட்டதை மறைக்கவும் அவனுக்குத் தெரியாது.

"எனக்குப் பசித்தால் கிழங்குதான் வேண்டும்" என்றான் முள்ளன். "மண் மாதிரி இருக்கிற பொடியை என்னால் தின்ன முடியாது."

"அணி முழுக்கச் சாப்பிடும்போது நீ மட்டும் சாப்பிடமாட்டாயா? அப்படியென்றால் நீ அணியில் வேண்டாம்!" என்றாள் செவந்தி.

சொன்ன பிறகு அவளுக்கே என்னவோபோல் இருந்தது. முள்ளன் எழுந்து போனான். அவனுக்குப் பதிலாக, எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஓணானைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் றெக்கை முளைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கொட்டாவி வந்தது. ஐந்தாம் நாள் செவந்திக்கு முழங்கால் நடுங்கியது. அவள் நரியிடம் ஓடினாள்.

"நடுங்குகிறதா? நல்ல அறிகுறி!" என்றான் நரி. "பழைய சோம்பல் வெளியேறுகிறது. இனிமேல் இரண்டு பிடியாகச் சாப்பிடு."

அவள் இரண்டு பிடி சாப்பிட்டாள்.

பதினான்காம் நாள், பயிற்சிக்காக ஆமைகளோடு ஓர் ஆட்டம் வைத்தார்கள். கரையோர மரத்தில் உட்கார்ந்திருந்த காக்கைகள், "பாவம் ஆமைகள்" என்று பேசிக்கொண்டன.

செவந்தி பாடிப் போனாள். "கபடி கபடி கப... டி..." பாதியிலேயே மூச்சு நின்றது. கால் மடங்கி, ஒரு கிழட்டு ஆமையின் முதுகில் தொப்பென்று விழுந்தாள்.

"நான் பிடிக்கவில்லை அம்மா, நீயாகத்தான் வந்து விழுந்தாய்" என்றது ஆமை, வருத்தத்தோடு.

கரடிக் குட்டி நின்றபடியே தூங்கினான். அணில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, எதிரியைப் பிடித்ததாக நினைத்துக் கத்தின. ஓணான் தலையாட்டிக்கொண்டே அவுட் ஆனான். ஆமைகள் பத்தொன்பது, குட்டிகள் நான்கு. காக்கைகள் சிரித்த சிரிப்பில் மூன்று காக்கைகள் கிளையிலிருந்து விழுந்தன.

செவந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான்கு பிடியாகக் கேட்கலாம் என்று நேராக நரியின் குகைக்குப் போனாள்.

குகை வாசலில் குழி எதையும் காணோம். உள்ளே கிழங்குத் தோல் குவிந்திருந்தது. வேர்க்கடலைத் தொலி சிதறிக் கிடந்தது. அவள் காலையில் வைத்துவிட்டுப் போன காடை முட்டையின் ஓடும் அங்கேதான் இருந்தது. நடுவில் வித்தகன் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டான். மீசையில் தேன். வயிறு பூசணிக்காய் போல உருண்டு கிடந்தது.

செவந்திக்குக் கோபம் தலைக்கேறியது. கத்த வாயெடுத்தவள், சட்டென்று மூடிக்கொண்டாள். சத்தம் போடாமல் திரும்பி, முள்ளனின் வளைக்குப் போனாள்.

"முள்ளா, உன்னை அணியிலிருந்து தள்ளியது தப்பு. நான் ஒரு மடைச்சி."

முள்ளன் ஒரு கிழங்கை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை அவளிடம் நீட்டினான். "முதலில் இதைச் சாப்பிடு. அப்புறம் திட்டிக்கொள்ளலாம்."

சாப்பிட்டுக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் வளைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, குட்டிகள் எல்லோரும் மாலையோடு நரியின் குகைக்குப் போனார்கள்.

"அண்ணே, இன்றைக்குக் காடே மைதானத்துக்கு வருகிறது. வேகப் பொடியைக் கண்டுபிடித்த மேதையைப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் பொழுது சாயும்வரை அங்கே வீற்றிருக்க வேண்டும்" என்றாள் செவந்தி.

மேதை என்ற சொல் காதில் விழுந்ததுமே நரி எழுந்துவிட்டான்.

மைதானத்தின் நடுவில், பூப்போட்ட பாறையில் அவனை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் கூட்டம் நெருக்கியது. செவந்தி ஓர் இலை நிறையப் பொடியைக் கொண்டுவந்து பணிவாக வைத்தாள்.

"பத்து வருடமாக நீங்கள் சாப்பிடும் ஒரே உணவு. சாப்பிடுங்கள் அண்ணே!"

கூட்டம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் நரி ஒரு பிடி விழுங்கினான். கண்ணில் நீர் வந்தது.

"ஆனந்தக் கண்ணீர்!" என்று ஓணான் தலையாட்டினான்.

வெயில் ஏறியது. குட்டிகள் வேண்டுமென்றே பக்கத்தில் அடுப்பு மூட்டிக் கிழங்கு சுட்டார்கள். கரடிக் குட்டி தேனடையைப் பிழிந்தான். நரியின் வயிறு உறுமியது. காக்கைகள் மேகத்தைப் பார்த்தன.

"இடி இல்லை, மேதையின் வயிறு" என்றான் முள்ளன். "இன்னொரு பிடி கொடுங்கள், பாவம்."

உச்சிவேளை தாண்டியது. முள்ளன் சுட்ட கிழங்கின் தோலை மெதுவாக, மிக மெதுவாக உரித்தான். ஆவி நரியின் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், நரி பாறையிலிருந்து பாய்ந்தான்.

"பொடியும் வேண்டாம், மாலையும் வேண்டாம்! கிழங்கைக் கொடுடா!"

"கலந்தால் ஆபத்து என்றீர்களே அண்ணே!" என்றாள் செவந்தி.

"ஆபத்துமில்லை, ஒன்றுமில்லை! அது சுட்ட களிமண்ணும் சுக்குப் பொடியும்தான். யாராவது அதைத் தின்று உயிர் வாழ முடியுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று நரிக்கே உறைத்தது. அடுத்த நொடி எழுந்த சிரிப்பு அக்கரை வரை கேட்டது. நரி மாலையோடு ஓடப் பார்த்தான். பதினைந்து நாள் தின்ற தீனியில் தொந்தி அவனுக்கு முன்னால் ஓடியது. நான்கே அடியில் ஓர் ஆமை அவன் வாலைப் பிடித்துவிட்டது. மிச்சமிருந்த பொடி முழுவதையும் கொண்டு மைதானத்துக்குக் கோடு போட வேண்டும் என்று தண்டனை கொடுத்தார்கள்.

ஆட்டத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. குட்டிகள் காலையில் முட்டையும் கிழங்கும் தின்றார்கள். வெயில் தாழ்ந்ததும் ஆடினார்கள். களைத்தபோது தண்ணீர் குடித்தார்கள். இருட்டியதும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்கள். செவந்தியின் கால் மெல்ல மெல்ல அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆட்டத்தன்று காட்டுப்பன்றிகள் புழுதி பறக்க வந்து இறங்கின. செவந்தி மூச்சு விடாமல் பாடிப் போய் ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டு வந்தாள். பன்றிகளும் சளைக்கவில்லை. நேரம் முடியும்போது குட்டிகள் ஒரு புள்ளி முன்னால் இருந்தார்கள். பன்றித் தலைவன் கடைசியாகப் பாடி வந்தான். கரடிக் குட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தான். அந்தக் காலை முள்ளன் பிடித்தான்! பன்றி இழுத்தான், உதறினான், உருண்டான். முள்ளன் கண்ணை மூடிக்கொண்டு, முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு, அப்படியே தொங்கினான். அதற்குள் செவந்தி பாய்ந்து அடுத்த காலையும் கட்டிக்கொண்டாள். "கபடி" என்ற பாட்டு "ஐயோ" என்று முடிந்தது.

காக்கைகள் மைதானத்தையே தூக்கிப்போவது போலக் கத்தின. குட்டிகள் முள்ளனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். தூக்கிய வேகத்திலேயே "ஆ!" என்று கீழே விட்டார்கள். மகிழ்ச்சியில் அவன் முள்ளை விரித்துவிட்டான். பன்றித் தலைவனும் புழுதியைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அது சரி, நீங்கள் என்னதான் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டான்.

"வா, காட்டுகிறோம்" என்றாள் செவந்தி. அன்று இரண்டு அணிகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டன.

நீதி: நல்ல உணவும் நல்ல தூக்கமும் நாள்தோறும் செய்யும் பயிற்சியும் தருகிற பலத்தை, எந்தப் பொடியும் தந்துவிடாது.