விரல் கனம்

“கணக்குல தப்பு இருந்தா காட்டுங்க டீச்சர். இல்லன்னா கையெழுத்துப் போடுங்க.”

கேட்டவர் கலிஸ்டஸ் அண்ணாச்சி. தூத்துக்குடியில் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல், வயது ஐம்பத்தெட்டு. டீச்சர் ஜெனோவாவுக்கு முப்பத்தொன்று. பாரம் ஏற்றி இறக்கினால் கப்பலின் எடை மையம் எங்கே நகரும் என்று தோணிக்காரர்களுக்குச் சொல்லித் தருகிறவள். இவளிடம் படிக்க வேண்டியிருக்கிறதே என்று அண்ணாச்சிக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

இன்று பத்து மணிக்கு அவர் தோணியிலிருந்து ஆறு டன் ஜெனரேட்டரை இறக்க வேண்டும். தோணியிலேயே இருக்கும் தூக்குமரத்தால்தான் இறக்குவார்கள். அடிக்கிடங்கில் நின்று அதற்குக் கயிறு மாட்டப் போகிறவன் அவருடைய மருமகன் ரொசாரி. இப்போதே கீழே இறங்கிவிட்டான்.

ஜெனோவா நோட்டைப் புரட்டினாள்.

“அடியில இருக்கும்போது மையம் எங்கன்னு போட்டிருக்கீங்க. கரைக்குப் போன பிறகும் போட்டிருக்கீங்க. ரெண்டும் சரி. நடுவுல?”

“நடுவுல என்ன இருக்கு? விரல் கனம் உயரம் தூக்குறதுக்குள்ள மையம் ஓடியா போயிடும்?”

“வாங்க அண்ணாச்சி.”

உப்பங்கழியில் ஒரு சின்ன வள்ளம் கிடந்தது. இடுப்பளவுத் தண்ணீர். வள்ளத்தின் நடுவில் உயரமான மூங்கில், அதன் உச்சியில் கப்பி. கப்பியில் ஓடிய கயிற்றின் முனையில் ஒரு பெரிய கல் கட்டியிருந்தது. கல் அடிப்பலகையில் கிடந்தது.

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். வள்ளம் பேசாமல் நின்றது.

“விரல் கனம் தூக்குங்க.”

அண்ணாச்சி அலட்சியமாக இழுத்தார். கல் பலகையை விட்டது.

வள்ளம் கவிழ்ந்தது.

தண்ணீரில் எழுந்து நின்றவர் சுற்றிலும் பார்த்தார். காற்று இல்லை. அலை இல்லை.

“விரல் கனம்தானே டீச்சர் தூக்கினேன்.”

“பலகை கல்லை விட்டுருச்சு. அப்புறம் அதை எது தாங்குச்சு?”

அவர் மூங்கிலைத் தேடினார். அதன் உச்சி சேற்றில் குத்தியிருந்தது.

“உச்சி,” என்றார். “அப்போ ஆறு டன்னும் உச்சியிலயா?”

“தொங்குற வரைக்கும் கனம் முழுக்க அங்கதான், மையமும் மேலே ஏறிடும். விரல் கனம் தூக்கினாலும் சரி, பத்தடி தூக்கினாலும் சரி.”

அண்ணாச்சி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இருபத்தாறு வருஷம் டீச்சர். ஒவ்வொரு தடவையும் கீழே ஆளை நிறுத்திட்டுத்தான் தூக்கியிருக்கேன். என் தம்பி நின்னிருக்கான். என் மகன் நின்னிருக்கான்.”

“என் போன் கரையில இருக்கு,” என்றாள் ஜெனோவா. “மருமகனை மேலே ஏறச் சொல்லுங்க.”