இருபத்துமூன்று சேலைகள்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்தவர் தவமணி அம்மை. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் பாடம் கேட்க வந்தவர்களில் மூத்தவர் தெய்வநாயகம். அவருக்கு ஐம்பத்தாறு. டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், சேலைப் பகுதியில், இருபத்தெட்டு வருஷமாக வேலை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஏழு வருஷமாகச் செவ்வாய் தவறாமல் முதல் பஸ்ஸைப் பிடித்து மடத்துக்கு வந்துவிடுவார்.

அந்த ஆடி மாதச் செவ்வாய், அவர் வந்த நடையே சரியில்லை. சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். குருவின் முன்னால் கால் நீட்டுகிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு வரவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அம்மை ஒரு தலையணையை எடுத்துவந்து, கால்களுக்கு அடியில் வைத்தார்.

தெய்வநாயகம் வந்த விஷயத்தைச் சொன்னார். ஆடித் தள்ளுபடி முடிந்ததும் வேலையை விட்டுவிடப் போகிறார். அதன்பிறகு வீட்டில் இருப்பதாகவும் இல்லை. மடத்திலேயே ஒரு மூலையில் கிடந்துவிட அனுமதி வேண்டும்.

“வீட்டில சொல்லியாச்சா?”

“நேத்துச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

மனைவி செண்பகவல்லி அப்போது தோசை சுட்டுக்கொண்டிருந்தாளாம். கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப்போட மறந்து நின்றாளாம். தோசை கருகிவிட்டது. அதை அவளே எடுத்துத் தின்றாளாம்.

அவள் மேல் தனக்குக் கோபம் இல்லை என்றார் தெய்வநாயகம். மகன் வேலைக்காக வெளியூர் போனபிறகு வீட்டில் இரண்டே பேர். ஆனால் நடக்க வழியில்லாமல் சாமான் கிடக்கிறது. இருந்தும் வாங்குவது நின்றபாடில்லை. கடையிலும் அதே கதைதான். காலை ஒன்பது மணிக்கு விரிக்க ஆரம்பித்தால், ஷட்டர் இறக்கும்வரை விரிப்பும் மடிப்பும்.

“இன்னொண்ணு காட்டு, இன்னொண்ணு காட்டு... இதைத்தாம்மா கேட்டிருக்கேன். போதும்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. கேக்காமலே போய்ச் சேந்துருவேன்போல. அந்தப் ‘போதும்’ எங்கதாம்மா இருக்கு?”

அம்மை தம் சேலைத் தலைப்பைப் பார்த்தார். ஓரம் நைந்து, நூல் பிரிந்திருந்தது.

“எனக்கு ஒரு சேலை வேணும், அண்ணாச்சி. சனிக்கிழமை கடைக்கு வாறேன்” என்றார்.

ஆடிச் சனிக்கிழமை கூட்டம் இடித்துத் தள்ளும், நானே ஒன்று எடுத்துவருகிறேன் என்று தெய்வநாயகம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மை இசையவில்லை.

சொன்னபடியே சனிக்கிழமை வந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் நெருக்குண்டு, சேலைப் பகுதியில் ஒரு ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தார். பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த பொன்னுச்சாமி மெல்லக் குனிந்து, “தள்ளுபடி மடம் வரைக்கும் எட்டிருச்சே, அண்ணாச்சி” என்றான். தெய்வநாயகம் அவனை முறைத்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பினார்.

குருவுக்குச் சேலை காட்டுவது எல்லோருக்கும் வாய்க்குமா? நல்ல கைத்தறிக் காவி ஒன்றை உருவினார். ஒரே வீச்சில் முந்தி தெரிய விரித்தார். அம்மை ஓரத்தை விரல்களுக்கிடையே வைத்து ஒருமுறை நீவிப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

தெய்வநாயகத்தின் கை அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டது.

இரண்டாவது சேலையில் நெசவு நெருக்கம். மூன்றாவதில் கரை கொஞ்சம் அகலம். நான்காவது, எத்தனை துவைத்தாலும் சாயம் போகாது. வருஷக்கணக்கில் உழைக்கும். ஐந்தாவது நேற்றுத்தான் வந்தது, இன்னும் யார் கையும் படவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். சேலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கால் வலி ஞாபகமே இல்லை. அம்மை மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். விரித்ததை எல்லாம் பார்த்தார், எதையும் தொடவில்லை.

இருபத்துமூன்றாவது சேலையை விரித்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. தெய்வநாயகம் மேஜையில் கை ஊன்றி நின்றார்.

“எது எடுக்கட்டும்மா?”

அம்மை குவியலுக்கு அடியில் கையை விட்டு, முதல் சேலையை இழுத்து எடுத்தார்.

தெய்வநாயகத்துக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது. மற்றவற்றை மடிக்கத் தொடங்கியவாறே, “இதுதான்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவையும் கலைச்சிருக்க மாட்டேனேம்மா” என்றார்.

“சொன்னேனே, அண்ணாச்சி.”

“எப்போ?”

“நீங்க ரெண்டாவதை எடுக்கத் திரும்புனப்போ. இது போதும்னு சொன்னேன்.”

தெய்வநாயகம் பொன்னுச்சாமியைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். “ஆமா, அண்ணாச்சி. எனக்கே கேட்டுச்சு.”

மடித்த சேலை கையிலேயே இருந்தது. அம்மைக்குப் பக்கத்து ஸ்டூல் காலியாகியிருந்தது. வாங்க வருகிறவர்களுக்குப் போட்டது. கடையாட்கள் அதில் உட்காரக் கூடாது. தெய்வநாயகம் உட்கார்ந்தார்.

மடித்த சேலையை மடியில் போட்டுக்கொண்டு, “அப்போ நான் மடத்துக்கு...” என்று இழுத்தார்.

“மடத்தில யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களே” என்றார் அம்மை. “அங்க வந்து யாருக்கு எதை விரிப்பீங்க?”

தெய்வநாயகம் குனிந்துகொண்டார். போன தீபாவளிக்கு அவர் வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் நினைவுக்கு வந்தது. அதை நான்கு பேர் தூக்கிவந்து இறக்கினார்கள். எங்கே வைப்பது என்று அவர் அவர்களோடு சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருந்தார். செண்பகவல்லி அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்து என்னவோ சொன்னாள்.

“ஃப்ரிட்ஜ் வந்த அன்னிக்கு அவ என்கிட்ட ஒண்ணு சொன்னா, அம்மா. என்ன சொன்னான்னு ஞாபகம் வரமாட்டேங்குது.”

அம்மை சேலையை எடுத்துக்கொண்டு பில் போட எழுந்தார்.

“அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்” என்றார். “இன்னிக்கே போய்க் கேளுங்க, அண்ணாச்சி.”