உலையில் விட்ட சாம்பல்

மலைமேல் இருந்த மடத்தில் நடமாட முடியாத வயசானவர்களுக்கென்று ஒரு கூடம் உண்டு. அதன் கொல்லையில், வெட்டவெளியில், ஒரு இரும்பு உலை நின்றது. விறகெரித்தால் அதன் இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் சுட்டு, குழாய் வழியாகக் கூடத்தைச் சூடாக்கும். பங்குனி முடிந்தால் உலையை அணைத்து மூடிவிடுவார்கள்.

அது மருதாசலத்தின் வேலை. அறுபது வயது, ஓய்வு பெற்ற பஸ் மெக்கானிக். மடத்துத் தலைவி தெய்வானை அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அவருக்கு அவள்தான் குரு.

போன வருஷம் உலையை மூடும்போது அவர் சாம்பலை அள்ளவில்லை. மடத்தை நிறுவிய முதல் குரு ஏற்றிய அணையா விளக்கிலிருந்துதான் வருஷாவருஷம் உலைக்குத் தீ எடுப்பார்கள்; அந்தத் தீயின் சாம்பல், அதைக் குப்பையிலா கொட்டுவது? ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு கதவைச் சாத்தினார். மெக்கானிக் புத்தி அன்றைக்குப் பார்த்து எங்கேயோ போயிருந்தது.

ஆடி மழையில் சாம்பல் ஈரம் குடித்தது. இரும்பை அரித்தது. மார்கழியில் அடித்தகடு ஓட்டை விழுந்து, தண்ணீர் இறங்கித் தீ அணைந்தது. வெல்டிங் ஆள் மலையேறி வர மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாளே கூடத்தில் படுத்திருந்த ஆறுச்சாமி குளிரில் விறைத்துச் செத்துப்போனார்.

ஆறுதல் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? எண்பத்திரண்டு வயசு என்றார்கள். விதி என்றார்கள். "உங்களால இல்லைங்கய்யா" என்று தெய்வானையும் சொன்னாள். அதற்குப் பிறகு மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பங்குனிக் கடைசியில் அவர் துணிமூட்டையோடு வந்து நின்றார்.

"நான் கீழே போறனுங்கம்மா. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். ஆறுச்சாமி செத்தது என்னாலதானுங்களா?"

தெய்வானை சுரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"உலையை மூடணும். வாங்க."

அவர் உலைக்குள் தலையை விட்டுச் சாம்பலை வாரினார். அவள் கூடையில் வாங்கிக் குழியில் கொட்டினாள். சுவரில் பிடித்திருந்த கரியைச் சுரண்டினார். வெல்டிங் தழும்பு வந்ததும் கை நின்றது.

"ஆச்சுங்களா?"

"மூலையில கொஞ்சம் ஒட்டிட்டு இருக்குதுங்க."

"கொஞ்சம்தானே? விட்டுருங்க."

"விடக்கூடாதுங்கம்மா. அந்தக் கொஞ்சமே அரிச்சுப்போடும்."

சொல்லிவிட்டு அவரே சுரண்டினார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே வந்து, கரி படிந்த முகத்தோடு அவளைப் பார்த்தார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலைங்க."

"ஆமாங்கய்யா. உங்களாலதான்."

மருதாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். மார்கழியிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அவள் தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்துக் கேட்டார். "அன்னைக்கு ஏனுங்கம்மா இல்லைன்னீங்க?"

"சுரண்ட எனக்குக் கை வரலைங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தேடினார்.

"அப்ப நான் கிளம்பறனுங்க."

தெய்வானை எண்ணெய் டப்பாவை அவர் முன்னால் வைத்தாள்.

"சுரண்டின இரும்பை யாராவது அப்படியே விட்டுட்டுப் போவாங்களா? எண்ணெய் பூசணும். உக்காருங்க."