பின்னாடி நடந்த மயிலைக்காளை

இன்னும் கிட்ட வா கண்ணு. காலை உள்ள இழுத்துக்கோ. ஆங்.

ஒரு ஊர்ல ஒரு… ஊருன்னு சொல்லிட்டேன், ஆனா ஊரக் காணோம். சிரிக்காத, நெசமாத்தான். மூணு வருசம் மழை இல்லாம சனமெல்லாம் வெளியூருக்குப் பொழைக்கப் போயிருச்சு. பத்து வருசம் கழிச்சு வந்து பாத்தா கூரை இல்ல, செவுரு இல்ல. எங்க பாத்தாலும் சீமைக்கருவேல முள்ளு. ம் சொல்லு.

வந்தது யாரு? பாவாயி, அவ புருசன் பொங்கியண்ணன், அப்பறம் அவங்க கெழட்டு மயிலைக்காளை. கூட, நிலம் அளக்கற ஆபீசரு ஒருத்தரு. அவரு சொல்லிட்டாரு, "நீங்க இங்க வெள்ளாமை பண்ணுனதுக்கு என்னய்யா அடையாளம்? பொழுது சாயறதுக்குள்ள உங்க கிணத்தைக் காட்டுங்க. இல்லீன்னா இந்தக் காடு பூரா பொறம்போக்குன்னு எழுதிருவேன்."

"கிணறுதானுங்க? கண்ண மூடிட்டே போவேன்"னான் பொங்கியண்ணன்.

போனாங்க. முள்ளு சரக்கு சரக்குன்னு கிழிக்குது. அப்பறம் ஒரு ஆட்டுக்கல்லு. "இது நம்ம ஊட்டுது! கெழக்கால போனா கிணறு!" போனாங்க, போனாங்க… ஒரு ஆட்டுக்கல்லு. "இது எங்க சித்தப்பன் ஊட்டுது! மேக்கால வாங்க!" போனாங்க, போனாங்க… மறுபடி ஒரு ஆட்டுக்கல்லு. "இது வந்து…"ன்னு ஆரம்பிச்சான். பாவாயி தலையில அடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, மூணும் ஒரே கல்லுங்க. ஓரம் பேந்திருக்கறதைப் பாருங்க!"

ஆமா கண்ணு, சுத்திச் சுத்தி அங்கயேதான். கெழக்கு எது மேக்கு எதுன்னு அவனுக்கும் தெரியல, சொல்ற எனக்கும் தெரியல.

அப்போ ஆபீசரு பேனாவைத் தொறந்துட்டாரு.

"இருங்க சாமி"ன்னு பாவாயி மாட்டைப் புடிச்சுக்கிட்டு ஒரு சரிவுல எறங்குனா. அடியில வந்ததும் மாடு நின்னுச்சு. நின்னு… தப், தப், தப்புன்னு பின்னாடியே நடக்குது!

"கெழடுக்குப் பித்துப் புடிச்சிருச்சு!"ன்னு பொங்கியண்ணன் ஓடி வந்து கவுத்தை இழுத்தான்.

பாவாயி திருதிருன்னு முழிச்சா. மாடு எப்பப் பின்னாடி நடக்கும்? உனக்குத் தெரியாது கண்ணு, அப்பல்லாம் ஏது மோட்டாரு? மாட்டைக் கட்டித் தண்ணி எறைக்கற கவலைதான் ஓட்டுவாங்க. மாடு சரிவுல எறங்குனா, கவுத்துல கட்டுன தோல்சாலு தண்ணியோட மேல வரும். மாடு பின்னாடியே ஏறுனா, சாலு கிணத்துக்குள்ள எறங்கும். நாள் பூரா அதே வேலை. காலு மறக்குமா?

"கவுத்தை உடுங்க!"ன்னு கத்துனா. ஒரு குச்சிய எடுத்து, மாட்டுக்குப் பின்னால தரையைத் தட்டிக்கிட்டே போனா. மேல வந்ததும் மாடு டக்குன்னு நின்னுச்சு. அதுக்குப் பின்னால ஒரே முள்ளுப் பொதரு. உள்ள குச்சிய உட்டா. குச்சி எங்கயும் முட்டல.

தூங்கிட்டியா? ம்.

"பன்னி தோண்டுன குழியா இருக்கும்மா"ன்னாரு ஆபீசரு.

பாவாயி குனிஞ்சு ஒரு கல்லை எடுத்தா. தான் போடல. அவரு கையில வச்சு, "நீங்களே போடுங்க சாமி"ன்னா.

போட்டாரு. சத்தமே இல்ல… இல்ல… இல்ல…

டொளுக்! கிணத்துத் தண்ணியேதான். ஆபீசரு பேனாவை மூடிட்டாரு.

கல்லும் உழுந்துச்சு, கதையும் உழுந்துச்சு, நீயும் உழுந்து தூங்கு.